நோயாளியைத் தூக்கும் லிஃப்டும் வழுக்குத் துணியும்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கும்பகோணத்தில் 40 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்களும் ஓர் ஆயாவும் அடுத்தடுத்து இடுப்புவலியால் விடுப்பில் போன பிறகுதான், கையால் பம்ப் அடித்து இயக்கும் ஹைட்ராலிக் பேஷண்ட் லிஃப்ட் ஒன்றையும், ஸ்லைடு ஷீட் எனப்படும் வழுக்குத் துணிகள் நான்கையும் நிர்வாகம் வாங்கித் தந்தது. லிஃப்டின் விலை 46,000 ரூபாய். துணி ஒன்று 1,800 ரூபாய்.

அதுவரை எங்களிடம் இருந்த ஒரே கருவி படுக்கை விரிப்புதான். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த நோயாளி கட்டிலின் கால்மாட்டுக்குச் சரிந்துவிட்டால், விரிப்பின் நான்கு முனைகளையும் நான்கு பேர் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி மேலே இழுப்போம். இரவுப் பணியில் நான்கு பேருக்கு எங்கே போவது? இரண்டு பேரும் நோயாளியின் மருமகனுமாகச் சமாளிப்பதே வழக்கம். "முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு" என்று நர்சிங் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நமக்கும் நோயாளிக்கும் நடுவே கட்டில் இருக்கும்போது, கையை எட்ட நீட்டி, குனிந்து, கூடவே இடுப்பையும் திருப்பித்தான் இழுக்க வேண்டியிருக்கிறது என்பதால், அந்த அறிவுரை நெல் மூட்டைக்குப் பொருந்துமே தவிர மனிதருக்குப் பொருந்தாது. மூட்டை பயந்துபோய் நம் கழுத்தைக் கட்டிப்பிடிப்பதில்லை.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நல்ல நிலையில் தூக்கும் சுமைக்கு 23 கிலோ வரம்பு வைத்திருக்கிறது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், நோயாளியைத் தூக்குவதற்கு அதை ஏறத்தாழ 16 கிலோவாகக் குறைத்து 2007-இல் பரிந்துரைத்தார். மனிதரின் ஒரு கால் மட்டுமே உடல் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு இருக்கும். 75 கிலோ நோயாளியின் காலைக் கட்டுப்போடத் தூக்கிப் பிடிப்பதே 12 கிலோ சுமை.

வழுக்குத் துணியைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பார்க்க மழைக்கோட்டுத் துணி போலத்தான் இருந்தது. இரு முனைகளும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டுக் குழாய் வடிவில் இருக்கும் இந்த நைலான் துணியின் உட்புறங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால், நோயாளியை ஒருக்களித்து அடியில் விரித்துவிட்டால் பிறகு தூக்கவே வேண்டியதில்லை. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் வைத்து, உடல் எடையைச் சாய்த்தாலே இரண்டு பேரால் நகர்த்த முடிகிறது. நோயாளியின் பின்புறத் தோல் விரிப்பில் உராய்வதும் குறைகிறது. படுக்கைப்புண்ணைக் கவனிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். வேலை முடிந்ததும் துணியை உருவிவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது: மறந்தால் நோயாளி தானாகவே வழுக்கிக் கீழே இறங்கிவிடுவார். முதல் வாரத்திலேயே எங்களுக்கு அப்படி ஒன்று நேர இருந்தது; நல்லவேளையாகப் பக்கக் கம்பி ஏற்றியிருந்தது.

லிஃப்டைப் பொறுத்தவரை, இயந்திரத்தில் குறையில்லை, எங்கள் கட்டடத்தில்தான் குறை. பொது வார்டின் இரும்புக் கட்டில்களுக்கு அடியில் அதன் கால்கள் தாராளமாக நுழைகின்றன. தனி அறைகளில் இருப்பவை பெட்டி வைத்த மரக்கட்டில்கள் ஆகையால் அங்கே நுழைவதே இல்லை. குளியலறை வாசலில் இரண்டு அங்குல உயர நிலைப்படி இருக்கிறது. ஆளைத் தொங்கவிட்டபடி அதைத் தாண்டுவது ஆபத்து என்பதால், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற மட்டுமே பயன்படுத்துகிறோம். அந்த வேலையை அது பிரமாதமாகச் செய்கிறது. மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம் என்பது எங்கள் ஊருக்குப் பெரிய வசதி.

விற்ற கடைக்காரர் அனுப்பிய பையன் கால் மணி நேரத்தில் செய்து காட்டிவிட்டுப் போய்விட்டார். கையேடு ஆங்கிலத்தில் மட்டும். தூக்கும்போது நாற்காலியின் பிரேக்கைப் போட வேண்டும், லிஃப்டின் பிரேக்கைப் போடக் கூடாது, அப்போதுதான் அது எடை மையத்துக்குத் தானே நகர்ந்து நிலைபெறும் என்பதை அவர் சொல்லவே இல்லை. கையேட்டை வரிவரியாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். கால்களை அகல விரித்த பிறகே தூக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இரண்டையும் தமிழில் எழுதி லிஃப்டின் கம்பத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

முதலில் பம்ப் அடித்து ஒருவரை உயர்த்தியபோது, "என்னம்மா, நெல் மூட்டை மாதிரி தூக்குறீங்க!" என்று அவர் மனைவி கோபித்துக்கொண்டார். இப்போதெல்லாம் தூக்குவதற்கு முன் ஓர் ஊழியரையே ஸ்லிங்கில், அதாவது லிஃப்டில் ஆளைத் தாங்கும் தொங்கு துணியில், உட்காரவைத்துக் காட்டிவிடுகிறோம்.

துணிக்கு ஐந்துக்கு நாலரை, லிஃப்டுக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். வாங்க நினைப்பவர்கள், கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் வாசற்படியின் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒரே அளவு ஸ்லிங்கை மட்டும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மெலிந்த பாட்டி அதில் நழுவுவார் என்பதால் சிறிய அளவையும் கேட்டு வாங்குங்கள், அதிலும் இரண்டாக வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் துவைத்துப் போட்ட எங்கள் ஒற்றை ஸ்லிங் இரண்டு நாளாகியும் காயாததால், அந்த இரண்டு நாளும் பழையபடி நான்கு பேரைத் தேடித்தான் ஓடினோம்.