வெளிநாடு போகாமல் வெளிநாட்டு மாணவர்களோடு நர்சிங் படித்த அனுபவம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இணையவழிப் பன்னாட்டு வகுப்பு முடித்தால் பிரிட்டனில் வேலை கிடைத்துவிடாது. அதற்கு அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் தனியாக எழுத வேண்டும். இது பட்டமும் கிடையாது. இரண்டு நாட்டு மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, சில வாரங்களில் ஒரே வேலையைச் செய்து முடிக்கிறார்கள், அவ்வளவுதான். இதை சி.ஓ.ஐ.எல். (COIL, இணையவழிக் கூட்டுப் பன்னாட்டுக் கற்றல்) என்பார்கள். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் ரூபின் என்ற திரைப்படப் பேராசிரியர் தொடங்கிவைத்த முறை. 2006-இல் அங்கே இதற்கென்றே ஒரு மையம் வந்தது. கொரோனாவில் வெளிநாட்டு மருத்துவமனைப் பயிற்சி எல்லாம் நின்றுபோனபோது மருத்துவம், நர்சிங் படிப்புகளும் இந்தப் பக்கம் திரும்பின.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும்போது மாணவியாகச் சேர்ந்தேன். இப்போது டியூட்டராக அதே மாதிரிக் குழுக்களை நடத்துகிறேன். எதிர்ப்பக்கம் பிரிட்டனில் உள்ள ஒரு நர்சிங் துறை.

சர்க்கரை நோயில் காலில் புண் வந்த ஒருவரின் கேஸை இரு தரப்பும் சேர்ந்து எழுதினோம். அவர்கள் அனுப்பிய தாளில் ரத்தச் சர்க்கரை 6.2 என்று இருந்தது. நாம் 70-க்குக் கீழே போனாலே குளுக்கோஸ் எடுக்க ஓடுகிறவர்கள். அவர்கள் எழுதுவது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் 112 வரும், பயப்பட ஒன்றுமில்லை. புத்தகத்தில் இது ஒரு வரிதான். ஆனால் எதிரே இருப்பவர் அந்த எண்ணைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகும்போதுதான் மனதில் ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பாம்புக்கடி பற்றிய குழு வேலை. பிரிட்டனில் இயற்கையாக வாழும் விஷப்பாம்பு ஒரே ஒரு விரியன் வகைதான். நம் மாணவிகளோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் விளக்கினார்கள். சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளிடம் விஷம் எடுத்துக் கொடுப்பதையும், அதிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராவதையும் சொன்னார்கள். அப்புறம் 20 நிமிட உறைதல் சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் ஏன் கூடாது என்று அங்கிருந்து ஒரு மாணவர் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யத் தெரியும், காரணம் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொன்னார்கள்: கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது, பிளாஸ்டிக் அப்படித் தூண்டாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். ஒரு கேள்வி எங்கள் வார்டு வேலையையே எங்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது. வெளிநாட்டினரிடம் நாம்தான் கற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்கள்.

இன்னொரு கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. நோயாளிக்கு யார் சாப்பாடு ஊட்டுகிறார்கள், யார் உடம்பு துடைத்துவிடுகிறார்கள் என்று பிரிட்டன் மாணவர்கள் கேட்டார்கள். கூட இருக்கும் அட்டெண்டர், அதாவது மனைவியோ மகளோ, என்றோம். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி. அங்கே அதெல்லாம் நர்சும் உதவிப் பணியாளரும் செய்கிற வேலை. நம் அரசு மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்து எல்லாம் செய்கிற அந்த அம்மாவுக்கு நாம் எதையும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. இப்போது என் மாணவிகள் எழுதும் ஒவ்வொரு கேர் பிளானிலும் (நோயாளிக் கவனிப்புத் திட்டம்) அட்டெண்டருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. நேரம்தான் பெரிய தலைவலி. குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. அவர்கள் காலை வகுப்புக்கு வரும்போது நம் பிள்ளைகள் மதிய டியூட்டியில் நிற்பார்கள். அவர்களுக்கு வசதியான மாலை நேரத்தில் நம் ஹாஸ்டலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வார்டனிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் வண்டி ஓடியது.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் நேரலையில் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு எஸ்பார் முறை கைகொடுத்தது: இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படி. வரிசை கையில் இருந்தால் ஆங்கிலம் தானாகக் கோர்வையாக வருகிறது. முதல் இரண்டு வாரம் வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், பேச்சு வந்துவிடும்.

நேரில் போய்ப் படிப்பதற்கு இது ஈடாகுமா? கையால் செய்யும் வேலைக்கு ஆகாது. வேற்று நாட்டு வார்டில் இரவு டியூட்டி பார்ப்பதையும், தனியாக வீடு எடுத்துத் தங்கிச் சமாளிப்பதையும் எந்தத் திரையும் தராது. ஆனால் வெளிநாட்டு வார்டில் இரண்டு வாரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவதைவிட, குழுவில் உட்கார்ந்து ஒரு கேஸை விவாதிப்பதில் அதிகம் கற்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். விசா, விமான டிக்கெட் என்ற பேச்சே எழ முடியாத வீடுகளிலிருந்துதான் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்களுக்கு இது இல்லையென்றால் வேறு எதுவும் இல்லை.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று வந்தால், சேரும் முன் குழு வேலை உண்டா என்று கேளுங்கள். எல்லோரையும் மியூட்டில் போட்டு, ஒருவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சான்றிதழ் அனுப்பும் நிகழ்ச்சிகளும் இதே பெயரில் நடக்கின்றன. அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். நோயாளியின் முகம், பெயர், மருத்துவமனை உள்நோயாளி (ஐ.பி.) எண் எதுவும் திரையில் வரக் கூடாது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பேட்சுக்குப் பிரசவ வார்டை எடுத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவக் கவனிப்பு வழிகாட்டிப் படிவத்தை இரண்டு பக்கமும் ஒரே கேஸுக்கு நிரப்பி ஒப்பிடப்போகிறோம்.