சுற்றுச்சூழல் படிக்க ஆசை, கையில் காசு குறைவு: எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கொங்குப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் அறிவியல்மேல் ஆசை, வீட்டில் பெரிய தொகை புரட்ட வழியில்லை. எங்கே சேர்ப்பது? நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, அதன் பிறகு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவன். இப்போது திருப்பூரில் கழிவுநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் சாய்வு அந்த வழிக்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை.

முக்கியமான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். ஒன்று, தனியார் சுயநிதிக் கல்லூரியில் நேரடியாக பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். இன்னொன்று, அரசுக் கல்லூரியில் வேதியியல் மாதிரி ஓர் அடிப்படைப் பாடம், முதுகலையில் சுற்றுச்சூழல்.

பணக் கணக்கில் பெரிய விவாதம் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்கு ட்யூஷன் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் செமஸ்டர் கட்டணத்தோடு பஸ், லேப், சீருடை என்று தனித்தனியாக வரும். அங்கேதான் சேர்வது என்றால் மூன்று வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும் என்பதால் இந்த ஒப்பீட்டில் எந்தப் பக்கமும் கூடாது, குறையாது.

கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் பட்டத்தில் அச்சாகும் பாடத்தின் பெயர். இதை யாரும் சேர்க்கையின்போது யோசிப்பதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும்.

இந்திய வனப் பணியையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டையும் காட்டுயிரையும் காக்க வேண்டும் என்ற ஆசையில் சுற்றுச்சூழல் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு அதுதான் கனவு. யு.பி.எஸ்.சி. கேட்கும் தகுதிப் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இருக்கின்றன. இவை தவிர வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அதில் இல்லை. முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் இல்லை. துணைப்பாடமாக வேதியியல் படித்தேன் என்று மதிப்பெண் பட்டியலைக் காட்டி வாதாட வேண்டிவரும். அந்தத் தலைவலி எதற்கு?

பள்ளி ஆசிரியர் வேலையும் அப்படித்தான். அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றுதான் கேட்பார்கள். பெயர் கொஞ்சம் மாறினாலும் இணையான பட்டம் என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டும். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு பி.எட். ஒரு பெரிய பாதுகாப்பு. அந்தக் கதவைப் பதினேழு வயதிலேயே சாத்திவிட வேண்டாம்.

வேதியியலோடு போனால் சுற்றுச்சூழல் கதவு மூடுகிறதா என்றால், இல்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு எந்த அறிவியல் பட்டமும் போதும். மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. காலாப்பட்டில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு க்யூட் (CUET) என்ற தேசிய நுழைவுத் தேர்வை முதுகலைக்கு எழுத வேண்டும். இளங்கலையில் மிச்சம் பிடித்த பணம் இந்த இரண்டு வருட விடுதிச் செலவுக்கு அப்படியே உதவும்.

வேலையிலும் அந்த அடித்தளம் பேசும். சாயப்பட்டறைக் கழிவுநீர் வந்தால் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று சி.ஓ.டி., அதாவது நீரில் உள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் நிறம் மாறிக் காட்டும் ஃபெரோயின் சில சொட்டு விட்டு, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டைத் திறப்போம். நீலப்பச்சை ஒரே சொட்டில் செம்பழுப்பாக மாறும். அந்த ஒரு சொட்டில் கை நிற்க வேண்டும். மூன்று வருடம் இப்படிச் சொட்டு விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்த கைக்கு அது தானாக வரும். ஆய்வகங்களில் ஆள் எடுக்கும்போது வேதியியல் பட்டம் இருக்கிறதா என்று கேட்பதை நானே பார்க்கிறேன்.

நேரடி பி.எஸ்சி. சுற்றுச்சூழலுக்கும் பலம் உண்டு. சூழலியல், கணினி வரைபடத் தகவல் முறையான ஜி.ஐ.எஸ்., ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு வரும் தாக்கத்தை மதிப்பிடுவது, 1974 நீர்ச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இளங்கலையிலேயே வந்துவிடும். முதுகலையின் முதல் செமஸ்டரில் அவர்கள் எங்களைவிட முன்னால் இருந்தார்கள். களப்பணி நிறைய உள்ள நல்ல துறையாக இருந்து, ஆராய்ச்சிதான் இலக்கு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதிப் பேராசிரியர் ஆவதுதான் எண்ணம் என்றால் அந்த வழியும் சரிதான். நான் அதைப் படித்தவன் இல்லை, கூடப் படித்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

பொறியியல் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கணிதம் நன்றாக வரும் பிள்ளைக்கு அப்போது சிவில் எடுத்து, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் போவது என் வழியைவிட மேல். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். இடங்கள் குறைவு, கட்-ஆஃப் கடுமை.

அரசுக் கல்லூரியில் வேதியியல் இடங்கள் கலந்தாய்வில் சீக்கிரம் போய்விடும். அது கிடைக்காவிட்டால் அடுத்து விலங்கியல் அல்லது தாவரவியல் கேளுங்கள். வனப் பணி, பி.எட்., முதுகலை மூன்றும் அப்போதும் திறந்தே இருக்கும். ஆய்வக வேலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பழக வேண்டிவரும்.