அரசு மையமா, தனியார் தெரபியா, பெற்றோர் பயிற்சியா?

மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது: எங்கே சேர்ப்பது? கண்ணில் பட்டவை மூன்று வழிகள். மூன்றிலும் அவனோடு போய் வந்திருக்கிறேன்.

முதலாவது, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்; பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் அரசு இடம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் வருவது, பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலேயே இருக்கும். 18 வயது வரை கட்டணம் கிடையாது. குழந்தை மருத்துவரையும் காது, பேச்சு பார்ப்பவர்களையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அங்கேயே வழி கேட்கலாம். குறை, கூட்டம்தான். எங்களுக்கு வாரம் ஒருமுறை, அரை மணி நேரம் கிடைத்தது.

தனியார் தெரபியில் நேரம் தாராளமாகக் கிடைக்கும், பணமும் அதே வேகத்தில் கரையும். பணத்தைவிட என்னை வருத்தியது மூடிய கதவு. நாங்கள் சேர்த்த இடத்தில் ஏழு மாதம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டால், "நல்லா பண்றான்மா" என்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் அதே அழுகை. சேர்க்கும் முன் இரண்டு கேளுங்கள்: சிறப்பாசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (இத்துறையினரைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பு) பதிவு இருக்கிறதா, எங்களை உள்ளே விடுவீர்களா. இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது, பெற்றோருக்கே பயிற்சி. டெல்லியில் 1991-ல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டு வருகைகள் என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. தனி அறையோ விலை கூடிய பொம்மையோ வேண்டாம். குளியல், சாப்பாடு, விளையாட்டுதான் பாடம். முன்பெல்லாம் அவன் கேட்கும் முன்பே தட்டு நிறையத் தோசை வைத்துவிடுவேன். பயிற்சிக்குப் பிறகு ஒரு விள்ளல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் என் கையை இழுத்தான். சில வாரங்களில் தட்டைக் காட்டினான். அப்புறம் ஒருநாள் "தோ" என்றான். ஒரு நாளில் இப்படி இருபது முறை வாய்ப்பு வரும். எந்த மையம் அத்தனை தரும்?

ஆனால் இதை முழுக்க அம்மா தலையில் கட்டிவிடக் கூடாது. அப்பாவும் பாட்டியும் சேர்ந்து கற்றால்தான் தாக்குப்பிடிக்கும். தனியாக வேலைக்கும் போகிற அம்மாவுக்கு அரசு மையமோ தனியாரோ கட்டாயம் துணைக்கு வேண்டும்.

என்னைக் கேட்டால், பரிசோதனைக்கும் சான்றிதழுக்கும் அரசு மையம், அன்றாடத்துக்குப் பெற்றோர் பயிற்சி. பேச்சுக்கோ, சத்தம், தொடுதல் போன்றவற்றைத் தாங்க முடியாத உணர்திறன் சிக்கலுக்கோ கூடுதல் உதவி தேவைப்பட்டால் மட்டும் தனியார்.

சான்றிதழைத் தள்ளிப்போடாதீர்கள். அது இருந்தால்தான் மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவும் அதில் வரும், ஆனால் அதற்கென்று தனி உச்சவரம்பு உண்டு. நாம் முதலில் கட்டிவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பில்லையும் அன்றன்றைக்கே வாங்கி வையுங்கள்.