வீடு முழுமைக்கும் ஒரே புரோபயாட்டிக் பவுடர் என்று விற்க வந்தால் கவனம்

'குடும்பக் குடல் நலத் திட்டம்' என்ற பெயரில் மாதச் சந்தாவுக்கு புரோபயாட்டிக் பவுடர் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) அனுப்பும் ஓர் ஆன்லைன் நிறுவனத்திடம் எங்கள் வீடு பட்ட பாட்டை எழுதுகிறேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் என் மாமனாருக்கும் அதே பவுடரைக் கொடுக்கச் சொன்னார்கள். அவருக்குக் கீமோ நடப்பது தெரிந்தே சொன்னார்கள். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மகனுக்குத் தொண்டைத் தொற்றுக்காக ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் வயிறு கெட்டிருந்தது. மகளுக்கு அடிக்கடி மலச்சிக்கல். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது இவர்களுடைய விளம்பரம் வந்தது. முதலில் ஒரு குடல் பரிசோதனை. வீட்டுக்கே டப்பா வரும், ஆளுக்கொரு குழாயில் மல மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படிவம்: வயது, எடை, இருக்கிற நோய், சாப்பிடுகிற மருந்து. மாமாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்பதையும், அவர் எடுக்கும் கீமோ மருந்துகளின் பெயரையும் அதில் தெளிவாக நிரப்பினேன்.

ரிசல்ட் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் போட்டு ஆளுக்கொரு மதிப்பெண். மதிப்பெண்கள் வேறு வேறு. பரிந்துரை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே: அதே பவுடர், காலையில் ஒரு சாஷே. எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபதைத் தாண்டிய நோயாளிக்கும் ஒரே அளவு. ஆரோக்கியமான குடலில் இன்னின்ன பாக்டீரியா இவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் மருத்துவத்தில் இன்றைக்கு இல்லை. அளவுகோலே இல்லாத ஒன்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அனுப்பினால், அது விற்பதற்காகப் போட்ட மதிப்பெண் என்றுதான் சொல்வேன்.

பவுடர் ஆரம்பித்த சில நாட்களிலேயே மகளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. மாலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வாட்ஸ்அப்பில் அவர்களுடைய 'நல ஆலோசகரிடம்' கேட்டேன். உடனே பதில் வந்தது: "பயப்படாதீங்க மேடம், கெட்ட பாக்டீரியா எல்லாம் சாகுது, அதோட அறிகுறிதான் இது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இப்ப நிறுத்தக் கூடாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கொடுங்க."

இந்தப் பதிலை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறார்கள். நன்றாக இருந்தால் பவுடரால் நன்றாக இருக்கிறது, மோசமானாலும் பவுடர் வேலை செய்கிறது. எப்படிப் பார்த்தாலும் இன்னொரு பாக்கெட் வாங்க வேண்டும். புரோபயாட்டிக் ஆரம்பிக்கும்போது சிலருக்குக் கொஞ்சம் வாயு சேர்வது உண்டு, அது உண்மை. ஆனால் வலியால் துடிக்கிற குழந்தைக்கு அளவை இரட்டிப்பாக்கு என்று, அவளைப் பார்க்காமலேயே சொல்வது எந்த வைத்தியத்தில் சேர்த்தி? பிறகுதான் தெரிந்தது, பவுடரில் பாதிக்கு மேல் இன்யூலின். அது ஒரு வகை நார்ச்சத்து. குடல் பாக்டீரியா அதை நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகும், அளவு கூடினால் வயிறு உப்பும். நிறுத்தியதும் அவளுக்குச் சரியாகிவிட்டது.

இனி மாமா விஷயம். கீமோவுக்குப் பிறகு அவருக்கு வெள்ளை அணுக்கள் இறங்கிப்போகும், அந்த நாட்களில் சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் படிவத்தில் எழுதியது போதாதென்று ஆலோசகரிடம் தனியாகவும் கேட்டேன். "இது இயற்கையானது மேடம், மருந்தே இல்லை, யார் வேணாலும் எடுக்கலாம். சாருக்குத்தான் எதிர்ப்பு சக்தி ரொம்பத் தேவை" என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த செக்கப்பில் டாக்டர் வழக்கம்போல "புதுசா ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். பவுடரைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். "உயிருள்ள கிருமியை இவருக்கு யார் கொடுக்கச் சொன்னது?" என்றார். அன்றே நிறுத்தச் சொல்லி, காய்ச்சல் வருகிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல உடம்பில் இந்த பாக்டீரியா குடலோடு நின்றுவிடும். எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருப்பவருக்கு, அதுவும் கீமோவால் குடலின் உட்சுவர் புண்ணாகியிருக்கும் நேரத்தில், அவை ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கலாம். மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் என்ற மெல்லிய குழாய் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் வகையும் புரோபயாட்டிக்காக விற்கப்படுகிறது. அதன் பாக்கெட்டைப் படுக்கைக்கு அருகில் வைத்துப் பிரித்தபோது காற்றில் பறந்த தூள், கை வழியாக லைனுக்குள் போய் ரத்தத் தொற்று வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து (மருந்தே இல்லாத, பார்க்க அதேபோன்ற ஒன்று) கொடுக்கப்பட்ட 144 பேரில் 9 பேர். தொற்றைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்ததில் இப்படி ஆனது. 2023ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் புரோபயாட்டிக் கொடுப்பதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அப்படிக் கொடுக்கப்பட்ட ஒரு பச்சிளம் குழந்தை, அதே பாக்டீரியாவின் தொற்றால் இறந்துபோனதுதான் காரணம். பெரும்பாலான ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் ஆபத்து குறைவுதான். ஆனால் 'யார் வேணாலும் எடுக்கலாம்' என்பது பொய். கீமோ, உறுப்பு மாற்று சிகிச்சை, ஐ.சி.யூ., குறைமாதக் குழந்தை என்றால் சிகிச்சை தரும் டாக்டர் சொல்லாமல் ஒரு சாஷேகூடக் கூடாது. தயவுசெய்து.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் என் நாத்தனார் அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் மருந்தாளுநர், நோயாளி அவளுடைய அப்பா, கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அண்ணி, இதில் ஸ்ட்ரெயின் பேரே இல்லையே" என்றாள்.

அவள் காட்டிய பிறகுதான் லேபிளில் என்ன பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. 'லாக்டோபேசில்லஸ் கலவை, பிஃபிடோபாக்டீரியம் கலவை' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது போதவே போதாது. பேரினம், இனம், அதற்குப் பிறகு அந்த இனத்துக்குள் இருக்கும் தனி வகையான ஸ்ட்ரெயின் என்று மூன்றும் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி. கடைசியில் வரும் அந்த 'ஜிஜி'தான் ஸ்ட்ரெயின். அதைக் கண்டெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் முதலெழுத்துகள். ஆய்வுகள் எல்லாம் ஸ்ட்ரெயினை வைத்துத்தான் நடக்கின்றன. ஒரு ஸ்ட்ரெயின் ஒரு நோய்க்கு உதவியது என்றால், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றும் உதவும் என்று அர்த்தமில்லை. (2020ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தையே பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்துவிட்டார்கள். அதனால் லேபிளில் லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் என்றிருந்தாலும் குழம்ப வேண்டாம், பழைய ஆள்தான்.)

அப்புறம் எண்ணிக்கை. பாக்கெட்டின் முன்பக்கம் '5000 கோடி சி.எஃப்.யூ.' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, 'தயாரிக்கும் நேரத்தில்' என்று பொடி எழுத்து. சி.எஃப்.யூ. என்பது உயிரோடிருந்து பெருகக்கூடிய கிருமிகளின் கணக்கு. உலர வைத்த பாக்டீரியா சூட்டிலும் ஈரத்திலும் நாளுக்கு நாள் செத்துக்கொண்டேதான் இருக்கும். தொழிற்சாலையில் எத்தனை இருந்தால் எனக்கென்ன? நான் வாயில் போடும்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் கேள்வி. எக்ஸ்பைரி தேதி வரை குறைந்தது இவ்வளவு இருக்கும் என்று எழுதியிருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

சேமிக்கும் முறை '2 முதல் 8 டிகிரி' என்று அதே லேபிளில் இருந்தது. வந்ததோ சாதாரண அட்டைப் பெட்டியில், உள்ளே முழுக்க உருகி வெதுவெதுப்பாகிப்போன ஒரு ஜெல் பேக்கோடு. தேதிக்கு மேல் வேறொரு ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தால் அடியில் பழைய தேதி, எக்ஸ்பைரி முடிந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001லேயே சொன்ன விளக்கம் இதுதான்: போதிய அளவில் கொடுக்கும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக். உயிரும் இல்லை, போதிய அளவும் இல்லை என்றால் நாங்கள் வாங்கியது வெறும் இன்யூலின் தூள்.

புரோபயாட்டிக்கே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க, ஆன்டிபயாட்டிக் தொடங்கும்போதே ஜிஜியோ பௌலார்டியோ கொடுத்தால் பலன் உண்டு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பௌலார்டி ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்வதில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் ஓயாத அழுகைக்கு லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரி டி.எஸ்.எம். 17938 என்ற ஸ்ட்ரெயினுக்குச் சான்று இருக்கிறது. எல்லாமே குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட ஸ்ட்ரெயின், குறிப்பிட்ட அளவு. வீட்டிலிருக்கும் எல்லாருடைய எல்லாத் தொல்லைக்கும் ஒன்று என்று எங்கேயும் இல்லை. அதே ஜிஜியைப் பேதியோடு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து அமெரிக்காவில் 900க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள், போலி மருந்தைவிட எந்த வித்தியாசமும் இல்லை என்று 2018ல் முடிவு வந்தது. கனடாவில் வேறு கலவையை வைத்து நடந்த ஆய்விலும் அதே முடிவு. பேதிக்கு அவசரமாகத் தேவைப்படுவது உப்பு-சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ்.

என் மகன் விஷயத்தில், ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகு இதைக் கொடுத்தால் பழைய நல்ல பாக்டீரியா சீக்கிரம் திரும்பிவிடும் என்று ஆலோசகர் அடித்துச் சொன்னார். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகம் 2018ல் பெரியவர்களிடம் சோதித்துக் கண்டது இதற்கு நேர்மாறு: ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் பல ஸ்ட்ரெயின் கலந்த புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்குத்தான் சொந்த பாக்டீரியா திரும்ப அதிக காலம் ஆனது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஒரு தாயிடம் உறுதி கொடுத்துப் பேச அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

சந்தாவை நிறுத்துவது தனிப் போராட்டம். இணையதளத்தில் அதற்கு பட்டனே கிடையாது, ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும். டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, "உங்க டாக்டருக்கு இதில் அப்டேட் இல்லை மேடம்" என்றார். அதன் பிறகும் கார்டிலிருந்து பணம் எடுத்தார்கள். பேங்கில் சொல்லி ஆட்டோ பேயை ரத்து செய்த பிறகே நின்றது. திறக்காத பாக்கெட்டுகளுக்குப் பணம் திரும்ப வந்தது, பரிசோதனைப் பணம் வரவில்லை. இந்த மாதிரித் திட்டத்தில் இப்போது இருப்பவர்கள் நிறுவனத்திடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் நேராக பேங்கில் நிறுத்துங்கள். பாக்கெட், ஸ்டிக்கர், பேட்ச் எண், பெட்டி வந்த நிலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

புகார் கொடுத்த பிறகு என் கணக்கில் நுழைந்து பார்த்தால், மாமாவின் கீமோ விவரம் இருந்த படிவப் பக்கம் காணவில்லை. அனுப்புவதற்கு முன்பே நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த புகாரில் ஆதாரமாக இருக்கிறது. எங்கள் ஐந்து பேரின் மாதிரிகளும் நோய் விவரங்களும் அவர்களிடம்தான் இன்னும் கிடக்கின்றன. அவற்றை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தரும்படி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.