டைஃப்கென் மரக்கப்பல் மாதிரிப் பெட்டி: ஒரு மதிப்பீடு

ஒல்லாந்தரின் டைஃப்கென் என்ற சிறிய பாய்மரக்கப்பலை 1:50 அளவில் மரத்தால் கட்டுவதற்கான பெட்டியொன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து, மட்டக்களப்பில் என் வீட்டு மேசையிலேயே கட்டி முடித்திருக்கிறேன். இந்தக் கலையில் இறங்க விரும்பும் நம் பகுதியினர் துணிந்து வாங்கத்தக்க பெட்டி இது. ஆனால் அதிலுள்ள மரத்தை நம்பி வாங்கலாமே தவிர, நூலையும் உலோகத்தையும் நம்பி வாங்க முடியாது.

இந்தக் கப்பலைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 1602இல் ஒல்லாந்துக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி சென்று மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் கீழைத்தேயக் கடல்களில் ஓட்டிய சிறு கலங்களுள் ஒன்றுதான் டைஃப்கென். ஒல்லாந்து மாலுமி வில்லெம் யான்சூன் 1606இல் அவுஸ்திரேலியாவின் வடகரையைத் தொட்டதும் இதில்தான். உண்மைக் கப்பலின் உடல் ஏறத்தாழ 20 மீற்றர் என்பதால் மாதிரியின் உடல் 40 சென்ரிமீற்றர் அளவில் அடங்கிவிடுகிறது. நூறு பீரங்கிகள் கொண்ட பெரிய போர்க்கப்பலோடு தொடங்குகிறவர்கள் பாதியில் கைவிடுவதே வழக்கம். முதல் கப்பல் சிறிதாக இருப்பதே நல்லது.

பெட்டியின் சிறப்பு முழுவதும் உடற்பகுதியில்தான் இருக்கிறது. ஏராவும் (கப்பலின் நீண்ட அடிமரம்), அதன்மேல் விலா எலும்புகள்போல் நிற்கும் வங்குகளும் லேசரால் வெட்டப்பட்ட ஒட்டுப்பலகையில் வந்துள்ளன; ஏராவைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது எங்கும் வளைவு தெரியவில்லை. இதில் கோணல் இருந்தால் பின்னர் எதைச் செய்தும் கப்பல் நேராக நிற்காது. லேசர் கருக்கிய விளிம்புகளில் பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே அவற்றைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டே ஒட்ட வேண்டும். வங்குகளின் ஓரங்களையும், பலகை முழு அகலத்தில் படியும்படி, அணியத்தை (கப்பலின் முன்புறத்தை) நோக்கியும் பிற்பக்கத்தை நோக்கியும் சரிவாகச் சீவிக்கொள்ள வேண்டும்.

பலகையிடல் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு மென்மையான, வெளிறிய மரம். இரண்டாவது மிக மெல்லிய வால்நட். டைஃப்கெனின் அணியம் உருண்டு திரண்டது என்பதால் முதல் அடுக்கிலேயே பொறுமை சோதிக்கப்படும். நடுவுடலின் சுற்றளவு பெரிது, அணியத்தில் சிறிது. ஆகவே ஒவ்வொரு பலகையும் முன்னோக்கிச் செல்லச் செல்ல ஒடுங்க வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்கினால் நுனி வெடித்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, சூடான தகரக் குவளையில் அழுத்தி வளைத்து, கிளிப்பால் பிடித்துக் காயவிட்டபின் ஒட்டினால் பலகை தானாகவே படிந்துகொள்கிறது. இந்தப் பெட்டியின் பலகைகள் நார் நேராக ஓடுபவை. அதனால் வளைக்கும்போது முறிவது குறைவு. பிறிதொரு கப்பற் பெட்டியில் நான் பார்த்த பலகைகளைவிட இவை எவ்வளவோ மேலானவை.

வரலாற்று முறையிலிருந்து இது விலகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் பிரிமேன்டிலில் 1999இல் கடலில் இறக்கப்பட்ட முழு அளவுப் பிரதி, பலகைகளை நெருப்பில் வளைத்து முதலில் கூடமைத்து, வங்குகளைப் பின்னர் பொருத்திக் கட்டப்பட்டது. பழைய ஒல்லாந்து முறை அதுவே. பெட்டியோ வங்கிலிருந்து தொடங்குகிறது. தொடக்கக்காரருக்கு அதுவே எளிது என்பதால் இதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

நம் காலநிலையைப் பற்றிப் பெட்டியோடு வந்த செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. மாரியில் ஈரம் குடித்துப் பருத்த பலகையை அப்படியே ஒட்டினால், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது அகலத்தில் சுருங்கி இணைப்புகள் வாய்திறக்கும். கச்சானில் ஒட்டியது மாரியில் புடைத்து எழும்பும். மாரி மழை ஓய்ந்து காற்று சற்று உலர்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பலகையிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. மேல்தளப் பலகையால் மூடுவதற்கு முன்னர் உடலின் உட்புறத்துக்கும் ஒரு தடவை வார்னிஷ் பூசிவிட வேண்டும். வெளிப்புறத்துக்கு மட்டும் பூசினால் ஈரம் உள்ளிருந்து புகும்.

இனி, ஏமாற்றம் தந்தவை. கயிறுகளுக்கான பருத்தி நூலில் பிசிறு மிகுதி. மழைநாளில் இறுகியும் வெயிலில் தளர்ந்தும் மாறிக்கொண்டே இருந்ததால் முழுவதையும் நீக்கிவிட்டேன். நம் ஊர்த் தையற்கடைகளில் கிடைக்கும் பொலியஸ்டர் நூலே எவ்வளவோ மேல். பாய்மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசப்பட்டவை என்பதால் கடும் மண்ணிறத்திலும், பாய்களை இயக்கும் கயிறுகள் வெளிர் நிறத்திலும் இருக்க வேண்டும். பெட்டியிலோ எல்லாமே ஒரே நிறம். பித்தளை ஆணிகளும் பீரங்கிகளும் உப்புக் காற்றில் விரைவில் கறுத்துவிட்டன. பொருத்துவதற்கு முன்னர் அவற்றைத் துடைத்து, நிறமற்ற லக்கர் பூசியிருப்பது அவசியம்.

குறிப்பேடு ஆங்கிலத்தில் உள்ளது. படங்கள் தெளிவானவை என்பதால் மொழி பெரிய தடையன்று. விலையைப் பார்க்கும்போது தபாற் கூலியையும் சுங்கத் தீர்வையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பசை பெட்டியில் இல்லை. தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும். சுப்பர் குளூ பட்ட இடத்தில் வார்னிஷ் ஊறாமல் வெளிறிய திட்டு விழும் என்பதால், வெளியே தெரியும் வால்நட் அடுக்கில் அதைத் தவிர்ப்பது நல்லது. முடித்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன், கறையான் ஏறாதபடி சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.