ஃபிஜி கரும்புக் குத்தகையும் சிட்னி வீட்டுக்கடனும்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் இந்தியர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வசனம் தவறாமல் வரும்: நம்ம ஆளுங்க எங்க போனாலும் உழைச்சு முன்னேறிடுவாங்க. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சிட்னியிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் ஃபிஜி இருக்கிறது. அங்கேயும் நம் ஆட்கள்தான் போனார்கள், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார்கள், அந்த நாட்டின் சர்க்கரைத் தொழிலையே தோளில் சுமந்தார்கள். அவர்களில் நிறைய பேர் இன்று உழைத்த நிலத்தில் இல்லை. உழைப்பும் படிப்பும்தான் காரணம் என்றால் இந்த இரண்டு கணக்கும் இவ்வளவு வேறுபடக் கூடாது. என்னைக் கேட்டால், ஒரு குடியேற்றச் சமூகம் பணக்காரச் சமூகமா ஏழைச் சமூகமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவு செய்துவிடுகின்றன. எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், உள்ளே போனபின் எதைச் சொந்தமாக்கிக்கொள்ள விட்டார்கள்.

முதலில் வாசல். ஃபிஜிக்கு 1879-இல் முதல் கப்பல் லியோனிடாஸ் போய்ச் சேர்ந்தது. 1916 வரை சுமார் 60 ஆயிரம் பேர் கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் போனார்கள். 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆள் ஏற்றினார்கள், மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு தென்னிந்தியர்கள், அதாவது தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசியவர்கள். ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் கூலி, அதுவும் கொடுத்த வேலையை முழுசாக முடித்தால். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், பத்து ஆண்டு முடிந்தால் திரும்பிப் போக இலவசக் கப்பல். பெரும்பாலோர் திரும்பவில்லை. கையில் காசு கிடையாது, படிப்பு கிடையாது, ஊரில் எதற்குத் திரும்புவது என்ற நிலைமை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அவர்களை வேலைக்கு வைத்த சர்க்கரைக் கம்பெனி ஒன்றேதான், சி.எஸ்.ஆர். அதன் தலைமையகம் சிட்னியில். ஃபிஜிக் கரும்பில் இந்தியக் கூலிகள் உண்டாக்கிய லாபம் எந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் வாசல் நமக்கு மூடியிருந்தது. 1901-இல் வந்த வெள்ளையர் கொள்கைச் சட்டம் 1970-கள் வரை வெவ்வேறு வடிவத்தில் நின்றது, 1973-இல் விட்லம் அரசுதான் கடைசி மிச்சத்தையும் எடுத்தது. அதற்குப் பின் திறந்த வாசலில் பாயிண்ட்ஸ் கணக்கு வந்தது. வயசு எவ்வளவு, என்ன படிப்பு, ஆங்கிலம் எப்படி, எத்தனை வருஷ அனுபவம் என்று பார்த்து, மேலே இருப்பவர்களை மட்டும் அள்ளினார்கள். 2021 கணக்கெடுப்பில் இந்தியாவில் பிறந்தவர்கள் 6 லட்சத்து 73 ஆயிரம் பேர், இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு அடுத்த இடம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95 ஆயிரம். அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்து, பெங்களூரில் நாலைந்து வருஷம் வேலை பார்த்து, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதி வந்த ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தி "இந்தியர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள்" என்றால், அது சல்லடையில் சலித்து எடுத்ததைப் பார்த்து விளைச்சலைப் புகழ்வது. அவரைப் படிக்க வைத்த செலவு முழுக்க அவர் குடும்பத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்தது, ஆஸ்திரேலியாவுக்கு அவர் தயார்ப் பொருளாகக் கிடைத்தார்.

அடுத்தது நிலம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஃபிஜியின் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

ஃபிஜியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலம் பூர்வகுடி இதௌகெய் குலங்களுக்குச் சொந்தம். விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். 1940-இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை வாரியம் வைத்தார்கள். 1920-களில் சி.எஸ்.ஆர். தன் தோட்டங்களைச் சுமார் 10 ஏக்கர் துண்டுகளாகப் பிரித்துக் குடியானவர்களிடம் கொடுத்தபோது கூலிகள் குத்தகை விவசாயிகளாக ஆனார்கள். 1976-இல் வந்த சட்டம் 30 ஆண்டுக் குத்தகையைக் கொடுத்தது. பழைய குத்தகைகள் 1997-இலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின.

அந்த 10 ஏக்கரின் கணக்கைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 40, 45 டன் வந்தால் சுமாரான விளைச்சல். 10 ஏக்கருக்கு 160-லிருந்து 180 டன். டன்னுக்கு உத்தரவாத விலையாக அரசு வைத்தது 85 ஃபிஜி டாலர். அதாவது வருஷத்துக்கு 14, 15 ஆயிரம் டாலர் கையில் வர வேண்டும். ஆனால் வெட்டுக் கூலி, ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரி வாடகை, உரம், குத்தகைப் பணம் எல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதையும் ஒரே மூச்சில் தரமாட்டார்கள். கரும்பு ஆலைக்குள் போனதும் ஒரு பங்கு, மீதி தவணை தவணையாக, கடைசித் தவணை வரும்போது அடுத்த வெட்டே நடந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு புயல் வந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். 2016-இல் வின்ஸ்டன் புயல் ரகிராகியில் இருந்த பெனாங் ஆலையையே சாய்த்துவிட்டது, அந்த ஆலை திரும்ப ஓடவில்லை, அந்தப் பக்கத்துக் கரும்பு அதன்பிறகு பா ஊர் ஆலை வரை லாரியில் போக வேண்டியிருந்தது. போதாததற்கு, ஐரோப்பா பல காலம் கொடுத்துவந்த சலுகை விலையும் 2006-க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து போயே போய்விட்டது. 1990-களின் நடுவில் 40 லட்சம் டன் வரை அரைத்த நாடு இன்று அதில் பாதியைக் கூட எட்டுவதில்லை.

குத்தகை முடிந்தபோது நடந்தது இதைவிடக் கொடுமை. நிலம் மட்டும் போகவில்லை, அதன் மேல் கட்டிய வீடும் கேள்விக்குறியானது. பல குடும்பங்கள் கூரைத் தகரத்தையும் சுவர்ப் பலகையையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாத்தா வைத்த மாமரத்தை ஏற்றிக்கொண்டு போக முடியுமா? அவர்களில் நிறைய பேர் சுவா, நவுசோரி, லௌடோகா பக்கம் புறம்போக்குக் குடியிருப்புகளில் போய் ஒதுங்கினார்கள். மூன்று தலைமுறை உழைப்பில் சேர்ந்த சொத்து என்று கையில் இருந்தது அந்தத் தகரமும் பலகையும்தான்.

இதற்காக இதௌகெய் மக்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுடைய நிலம் அவர்களிடமே இருந்ததால்தான் அவர்கள் தங்கள் நாட்டிலேயே அகதிகளாக ஆகவில்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே பூர்வகுடிகளிடமிருந்து ஒரு ஒப்பந்தம் கூட இல்லாமல் நிலத்தைப் பிடுங்கினார்கள், அது யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்ற வாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யவே 1992, மாபோ தீர்ப்பு வரை ஆனது. இன்று சிட்னியின் பெண்டில் ஹில்லில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் பெயரில் பத்திரம் பதிந்து மனை வாங்க முடிகிறது என்றால், அந்த மனை இப்படித்தான் சந்தைக்கு வந்தது. ஃபிஜியில் நமக்குக் கிடைக்காத உரிமையும் ஆஸ்திரேலியாவில் நமக்குக் கிடைத்த உரிமையும் இன்னொருவரின் நிலத்தைப் பற்றியவை. பொருளாதார ஒப்பீடு செய்கிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது.

சரி, ஃபிஜியில் யாருமே முன்னேறவில்லையா என்றால், அப்படியும் இல்லை. 1900-களின் தொடக்கத்திலிருந்து சொந்தச் செலவில் வந்த குஜராத்திகள் கடை வைத்தார்கள். அவர்கள் பணம் சரக்கிலும் வணிகத்திலும் இருந்தது, குத்தகை முடிந்தால் ஆட்டம் காணும் பணம் அல்ல அது. பஞ்சா, மோதிபாய் போன்ற பெயர்கள் இன்றும் அந்த நாட்டின் பெரிய வணிகப் பெயர்கள். கரும்புக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். நிலத்தைச் சேர்க்க முடியாது என்று புரிந்ததும் பிள்ளைகளின் படிப்பில் போட்டார்கள். 1926-இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் நடத்துகிறது, லம்பாசாவில் நர்சிங் கல்லூரி கூட வைத்திருக்கிறது. நாடியில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கும் சுப்பிரமணிய சுவாமி கோயிலும் அதே சங்கத்துடையது. இந்த முதலீடு பலித்தது. ஆசிரியர், கணக்காளர், நர்ஸ், டாக்டர் என்று ஒரு நடுத்தர வர்க்கமே உருவானது.

அந்த வர்க்கம்தான் முதலில் கிளம்பியது. 1987 மே 14, லியோனிடாஸ் வந்த அதே தேதி, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஒரே வருஷத்தில் ஃபிஜி டாலரின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டக் கரைந்தது. வீட்டை விற்றுவிட்டு சிட்னிக்கோ ஆக்லாந்துக்கோ போனவர் கையில் இருந்த பணம் வழியிலேயே சுருங்கிவிட்டது. 2000-இல் ஜார்ஜ் ஸ்பெய்ட் கூட்டம் பிரதமர் மகேந்திர சௌத்ரியை நாடாளுமன்றத்துக்குள்ளேயே பிணைக்கைதியாக வைத்தபோது அடுத்த அலை கிளம்பியது. 1986-இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2007-இல் 37 சதவீதம் சொச்சம். அரசியல் பயத்தின் விலையை எந்தச் சம்பளப் பட்டியலிலும் பார்க்க முடியாது, ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் செலவு வைக்கப்படவே இல்லை. அது எவ்வளவு பெரிய வரவு என்று அவர்களில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இப்போது ஆஸ்திரேலியப் பக்கத்தின் அன்றாடக் கணக்கு. ஃபிஜியில் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலிலிருந்து மணிக்கு 5 ஃபிஜி டாலர். ஆஸ்திரேலியக் காசில் மூன்றரை டாலர் கூட வராது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 24 டாலர் 95 சென்ட். விலைவாசி வித்தியாசத்தை எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது.

ஆனால் அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். சிட்னி, மெல்பர்னில் குடியேறிய ஒரு சராசரி இளம் குடும்பத்தின் சொத்து என்பது வீடு, அந்த வீடு வங்கியுடையது. 8 லட்சம் டாலர் கடன், 30 ஆண்டு என்று வையுங்கள். கோவிட் சமயத்தில் இரண்டரை சதவீத வட்டிக்கு எடுத்தவருக்கு மாதத் தவணை 3,160 டாலர். 2022 மே முதல் 2023 நவம்பர் வரை மத்திய வங்கி 13 முறை வட்டியை ஏற்றியது. வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியபோது அதே கடனுக்குத் தவணை 4,900 கிட்ட வந்து நின்றது. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போயே ஆக வேண்டும், குழந்தையைச் சைல்ட்கேரில் விட அதற்குத் தனிச் செலவு. அண்ணன் தம்பி, மாமியார் என்று பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் வேலை போனால் மூன்று மாதம் தாங்குமா என்ற பயம் நல்ல சம்பளக்காரர்களுக்கும் உண்டு. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: 30 வருஷம் கட்டி முடித்தால் வீடு உங்களுடையது. ஃபிஜிக் குத்தகையில் 30 வருஷம் கட்டி முடித்தால் நிலத்தை விட்டுப் போக வேண்டும்.

ஆஸ்திரேலிய இந்தியர் என்று மொத்தமாகச் சொல்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் விசா வைத்திருப்பவர் ஒரு உலகம், தற்காலிக விசாவில் இருப்பவர் வேறு உலகம். கட்டணத்துக்கு ஊரில் வீட்டை அடகு வைத்து வந்த மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதைப் பயன்படுத்திக்கொண்டு கையில் காசாகக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பி.ஆர். கிடைத்தாலும் பெரும்பாலான அரசு உதவிகளுக்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கீழே படகில் வந்த ஈழத்தமிழர்கள். தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் பத்து வருஷம் போல வரி கட்டிக்கொண்டு, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல், வங்கியில் கடன் கேட்கப் போனால் விசாவைக் காட்டு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். 2023 பிப்ரவரியில்தான் அந்த விசாக்காரர்களுக்கு நிரந்தர வழி அறிவித்தார்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்கும் வெளியே நின்றார்கள். அவர்கள் நிலைமை சிட்னி ஐ.டி. ஊழியரைவிட ஃபிஜிக் குத்தகை விவசாயிக்குத்தான் அதிகம் நெருக்கம். உழைக்கலாம், ஊன்ற முடியாது.

ஓய்வுக்காலப் பணத்தில் மட்டும் ஃபிஜியை லேசாக எடை போட வேண்டாம். 1966-லேயே அங்கே தேசிய வைப்பு நிதி வந்துவிட்டது, இப்போது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து 18 சதவீதம் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சூப்பர் என்று சொல்லும் கட்டாய ஓய்வூதிய நிதி 1992-இல்தான் வந்தது, இப்போது முதலாளி பங்கு 12 சதவீதம். ஃபிஜியை விட்டு நிரந்தரமாகப் போகிறவர் தன் நிதியை எடுத்துக்கொண்டு போகலாம். சம்பளக்காரர்களுக்கு அது நல்ல பிடிமானம். கரும்பு விவசாயிக்குச் சம்பளச் சீட்டு இல்லையே, அவருக்குத் தானாக எதுவும் சேர்வதில்லை.

இந்த இரண்டு சமூகமும் சந்திக்கிற இடம் சிட்னியின் மேற்கும் தென்மேற்கும், குறிப்பாக லிவர்பூல் பக்கம். ஃபிஜியிலிருந்து வந்த இந்தியர்கள் அங்கே நிறைய. முதல் அலையில் வந்த பலர் தொழிற்சாலை, பேருந்து, முதியோர் பராமரிப்பு என்று ஆரம்பித்தார்கள். இந்தியாவிலிருந்து நேராக வந்த பட்டதாரிகள் அவர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பதுண்டு, அவர்கள் பேச்சு வேறு, இந்தியாவில் உறவு அறுந்து நூறு வருஷம் ஆயிற்று என்று. எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. குடியேற்றம் என்றால் என்ன விலை என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான், அந்த விலையை இரண்டு முறை கொடுத்தவர்கள். அங்கிருந்து ஊருக்குப் பணமும் அனுப்புகிறார்கள். ஃபிஜிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வருஷத்துக்கு 100 கோடி ஃபிஜி டாலரைத் தாண்டிவிட்டது, அதில் இந்தியர், இதௌகெய் இருவர் பணமும் உண்டு. சர்க்கரை ஏற்றுமதி அதன் பக்கத்தில் கூட வராது.

ஃபிஜியில் இன்னும் இருக்கிற ஒரு குடும்பம் என்ன செய்வது நல்லது என்று கேட்டால், ஆளைப் பொறுத்து என் பதில் மாறும். கடையோ தொழிலோ, இதௌகெய் குலங்களிடம் இல்லாத மிச்ச நிலத்தில் சொந்தப் பத்திர மனையோ இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம், சிட்னியில் அந்தப் பணம் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கூடப் பத்தாமல் போகலாம். குத்தகை முடியப்போகும் கரும்புக்காரரின் பிள்ளைக்கு நர்சிங்கோ எலக்ட்ரீசியன் வேலையோ தெரிந்தால் கிளம்பத்தான் சொல்வேன். 2024 முதல் பசிபிக் நாட்டவர்களுக்கென்று ஆஸ்திரேலியா குலுக்கல் முறையில் நிரந்தர விசா தருகிறது, எல்லா நாட்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3,000 இடம் வரை. வயசு 18-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வந்த பிறகு அங்கே ஒரு வேலை உறுதியாகக் கையில் இருக்க வேண்டும். பட்டம் கேட்பதில்லை. பாயிண்ட்ஸ் வாசலில் நிற்கவே முடியாத ஒரு கரும்புக்காரரின் மகளுக்கு இப்படி ஒரு வழி இதற்கு முன் இருந்ததில்லை. இடம் குறைவுதான், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பெயர் கொடுங்கள்.