நீச்சல் குளம் கட்டப் போகிறீர்களா? என் 1,37,600 ராண்ட் போன கதையைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு, முக்கியமாக இந்தக் கோடையில் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் தோண்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு 1,37,600 ராண்ட் போய்விட்டது. பணம் போனதோடு முடியவில்லை. பின்தோட்டத்தில் உடைந்த கான்கிரீட் தொட்டி ஒன்று மண்ணை விட்டு எழும்பி நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. குளம் கட்டும்போது என்னென்ன நடக்கும், வீட்டுக்காரர்கள் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்து நான்கு நாள்தான் ஆகிறது, எவ்வளவு தூரம் நிதானமாக எழுத முடியும் என்று தெரியவில்லை.

நாங்கள் இஸிபிங்கோவில் இருக்கிறோம். நான் திருச்சிக்காரி, கல்யாணமாகி இங்கே வந்து 19 வருஷம் ஆகிறது. மாமியாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. தண்ணீரில் இடுப்பளவு நின்று தினமும் நடந்தால் வலி குறையும் என்று பிசியோதெரபி பார்க்கிறவர் சொன்னார். மாமியாரைக் காரில் ஏற்றி இறக்கித் தினமும் எங்கேயும் கூட்டிப்போக முடியாது. அதனால்தான் இந்த யோசனையே வந்தது. மாமியார் தன் சேமிப்பிலிருந்து 60,000 ராண்ட் எடுத்துக் கொடுத்தார். "பிள்ளைகளும் விளையாடட்டும், நான் சும்மா வைத்து என்ன செய்யப் போகிறேன்" என்றார். அந்த 60,000 இந்த 1,37,600க்குள்தான் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வீட்டு வேலைகளுக்கு ஆள் தேடித் தரும் இணையதளம் ஒன்றில் போய்ப் பார்த்தேன். என்ன வேலை என்று எழுதினால் மூன்று பேர் விலை அனுப்புவார்கள், அந்த மாதிரித் தளம். 7 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், கனைட் குளம் (கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துக் கட்டுவது) என்று போட்டேன். ஒருவர் 2,15,000 சொன்னார், இன்னொருவர் 1,98,000. மூன்றாமவர் 1,72,000. மூன்றாமவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டவர்" என்று. ஐந்து நட்சத்திரம். பளபளவென்று நீலத் தண்ணீரோடு படங்கள். அந்தப் படங்கள் யாருடைய வீட்டுக் குளங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மூன்றாமவர் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். இங்கே பக்கி என்பார்களே, பின்பக்கம் திறந்த வண்டி, அதில் வந்து இறங்கினார். அப்போதுதான் காமாட்சி விளக்கு ஏற்றியிருந்தேன், வீடெல்லாம் சாம்பிராணி வாசம். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை, தானாகவே விளக்குக்கு முன்னால் நின்று கை கூப்பினார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "வணக்கம் ஆயா" என்றார். தன் ஆயாவும் இப்படித்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைப்பார்களாம், தனக்குத் தமிழ் நான்கு வார்த்தைதான் வருமாம், அந்த நான்கும் ஆயா சொல்லிக் கொடுத்ததாம். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளே ஆங்கிலத்தில் பேசும் ஊரில் ஒரு வெளியாள் வந்து ஆயா என்று கூப்பிட்டால் மனசு இளகத்தான் செய்யும். டீயும் முறுக்கும் கொடுத்தோம். இறங்குவதற்கு வசதியாகப் படியை அகலமாகக் கட்டி, பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பியும் போட்டுத் தருகிறேன் ஆயா, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

அன்று ராத்திரியே 86,000 ராண்ட், பாதிப் பணம், அனுப்பிவிட்டோம். வங்கிக் கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. என் கணவர் கேட்டார். "வீட்டுக்காரிதான் கணக்கு வழக்கு பார்க்கிறாள் அண்ணா" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். அந்த இடத்தில் நாங்கள் நின்றிருக்க வேண்டும்.

20 நாளில் முடியும் என்றவர் மூன்று வாரம் கழித்துத்தான் தோண்டவே வந்தார். ஒரு குளத்துக்கு எவ்வளவு மண் வரும் என்று எனக்குத் தெரியாது. தோண்டிய மண் உதிர்ந்து கிடக்கும்போது குழியின் அளவை விட அதிகமாகத்தான் இருக்கும். முன்வாசல் வரை மலை மாதிரி குவித்துவிட்டு, மண் அள்ளுவது என் விலையில் இல்லை அக்கா என்றார். விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அந்த வரியே இல்லை. வேறு ஆளைப் பிடித்து டிப்பர் லாரியில் அள்ள 9,500 ஆனது. அது இந்த 1,37,600இல் சேராத தனிக் கணக்கு.

கம்பி கட்டி முடித்த அன்று, கனைட் அடிக்கிற வண்டிக்காரர்கள் முன்பணம் இல்லாமல் வரமாட்டார்கள், அடுத்த தவணையை இன்றே போடுங்கள் என்றார். 51,600 போட்டோம். 86,000உம் 51,600உம் சேர்ந்து 1,37,600. மொத்தத்தில் நூற்றுக்கு 80 பங்கு அவர் கையில். எங்கள் கையில் இருந்தது கம்பி கட்டிய ஒரு குழி.

கனைட் என்றால் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியாகக் கான்கிரீட்டைக் கம்பி மேல் வேகமாகப் பீய்ச்சி அடிப்பது. அந்த அடியில்தான் அது இறுகி ஒரே ஓடாக நிற்கும். மறுநாள் வந்தது ஒரு சின்ன மிக்ஸர், ஆறு ஆட்கள், கரண்டிகள். கையால் அப்பினார்கள். இது என்ன என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் அக்கா, இது இன்னும் உறுதி" என்றார். கையால் அப்பிக் கட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது, அது விலை குறைந்தது. நான் காசு கொடுத்தது அதற்கு அல்ல. கான்கிரீட் போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது நம் ஊர்க் கொத்தனார் எல்லாருக்கும் தெரியும். இவர்கள் ஒரு நாள்கூடத் தண்ணீர் காட்டவில்லை. ஐந்தாம் நாள் மேலே மார்பலைட் பூசிவிட்டார்கள். வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்த அந்தப் பூச்சு காய்ந்து வெடிக்காமல் இருக்க உடனே தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றார். அது மட்டும் உண்மை. விடிய விடியக் குழாயைத் திறந்துவிட்டோம். 34,000 லிட்டர் பிடித்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியிருந்தது. வெயிலுக்கு ஆவியாகிறது என்றார். பக்கத்து வீட்டு அங்கிள்தான் வாளிச் சோதனை சொல்லிக் கொடுத்தார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியே குளத்திலும் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு ஒரு நாள் விட வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில். குளம் மட்டும் அதிகமாக இறங்கினால் கசிவு. வாளியில் கோடு கொஞ்சம்தான் நகர்ந்தது, குளத்தில் 4 சென்டிமீட்டர். அதாவது தினமும் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் மண்ணுக்குள் போகிறது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் அவரே போன் செய்தார், குரலில் தேன். "கவலைப்படாதீங்க அக்கா, வியாழக்கிழமைக்குள் தண்ணீர் முழுவதையும் வெளியே எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஆட்களோடு வந்து விரிசலை அடைத்துவிடுகிறேன்." இதைப் போனில்தான் சொன்னார், எழுத்தில் ஒரு எழுத்து இல்லை. வாடகைக்கு பம்ப் எடுத்து இறைத்தோம். வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி மழை கொட்டியது.

இரண்டு மணி இருக்கும், வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆழமான பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மேலே வந்து நிற்கிறது. சுற்றிப் பதித்த கல் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. நடுவில் நான்கு மீட்டருக்கு விரிசல்.

ஏன் இப்படி ஆனது என்று இப்போது தெரிகிறது. குளம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. காலி செய்துவிட்டால் அது மண்ணுக்குள் இருக்கும் படகுதான். சுற்றி நிலத்தடி நீர் ஏறினால் மிதக்கத்தான் பார்க்கும். அதற்காகத்தான் அடியில் ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு என்று ஒன்று வைப்பார்கள். வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்து நீரை உள்ளே விட்டுவிடும், தொட்டி தப்பிக்கும். எங்கள் பகுதி தாழ்வான இடம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்தில் ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே முழுகிக் கிடந்தது, ஊருக்கே தெரியும். இப்படிப்பட்ட மண்ணில் வால்வு இல்லாமல் குளம் கட்டி, மழைக்காலத்தில் அதைக் காலி செய்யச் சொல்கிறவரை என்ன சொல்வது? கணவரின் நண்பர் ஒரு சிவில் இன்ஜினியர், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். வால்வு இல்லை. விலைப் பட்டியலில் சுவர் கனம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கிறது, விரிசலில் டேப் வைத்து அளந்தால் 8.

திங்கட்கிழமை குளக்காரர் போனை எடுத்தார். சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "குளத்தைக் காலி செய்யச் சொன்னது யார்? நீங்களாகவே காலி செய்தால் வாரன்டி கிடையாது." நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "எங்கே சொன்னேன், மெசேஜ் காட்டுங்கள்" என்றார். அக்கா இல்லை, ஆயா இல்லை, மேடம் என்றார். அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்த இணையதளத்துக்கு எழுதினேன். புகார் எண் ஒன்று வந்தது, 3 முதல் 5 வேலை நாள் ஆகும் என்று. மறுபடி எழுதியதும் வேறு புகார் எண். நேற்று வந்த பதில், நாங்கள் இரு தரப்பையும் அறிமுகப்படுத்துகிறவர்கள் மட்டுமே, ஒப்பந்தம் உங்களுக்குள். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்தது? அவருடைய செல்போன் நம்பரையும் அடையாள அட்டையையுமாம். நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் "பரிசீலனையில்" இருக்கிறது. அவருடைய ஐந்து நட்சத்திரம் அப்படியே மின்னுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் இல்லாமல் நாமே போய் நிற்கக்கூடிய சிறு வழக்கு நீதிமன்றத்தில் வரம்பு 20,000 ராண்ட். மீதி 1,17,600ஐ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அங்கே போகலாம். வேண்டாம் என்று எப்படி எழுதுவது, மாமியாரின் காசு அது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவு இருக்கிறது. வேலை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பத் தரவோ கேட்கலாம். அதை வைத்து வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புகிறோம். முகவரி உண்மையானதாக இருந்தால் போய்ச் சேரும்.

இன்னும் ஒன்று. என் சின்னவனுக்கு 5 வயது. குழி தோண்டிய நாளிலிருந்து வேலி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாரும் கடைசியில்தான் போடுவார்கள் என்றார் குளக்காரர். குளத்தைச் சுற்றி 1.2 மீட்டருக்குக் குறையாத சுவரோ வேலியோ, தானாக மூடித் தானாகத் தாழ் விழும் கதவோடு இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுக் கட்டட விதி. மழைத் தண்ணீர் தேங்கிய அந்தக் குழிக்கு ஒரு மாதம் கயிறுகூடக் கட்டவில்லை அவர். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இப்போது பணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன், இப்போது முடிகிற வரை சொல்கிறேன். பாதிப் பணம் முன்னால் கேட்டால் கொடுக்காதீர்கள், வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள், தண்ணீர் நின்று கசிவு இல்லை என்று தெரிகிற வரை ஒரு பெரிய பங்கைக் கையில் வையுங்கள். கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள். சுவர் கனம், வால்வு, மண் அள்ளுவது, வேலி, பம்ப்புக்கான மின்சாரச் சான்றிதழ் எல்லாம் விலைப் பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும். நகராட்சி அனுமதி யார் வாங்குவது என்று முதலிலேயே கேளுங்கள். அவர் முன்னால் கட்டிய குளத்தை நேரில் போய்ப் பாருங்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். போனில் எது சொன்னாலும் உடனே "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று மெசேஜ் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் யார் சொன்னாலும் குளத்தைக் காலி செய்யாதீர்கள்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் யாரிடமாவது விளக்கைக் கும்பிட்டு ஆயா என்று பேசிப் பணம் வாங்கிய குளக்காரர் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்கிறார். அந்த 1,37,600இல் எவ்வளவு திரும்பும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.